நாராயணப்பன் கட்டை

ஓசூர்த் தொழிற்பேட்டை, திட்டப் பிரிவுத் தலைவர் உயர்திரு நாராயணப்பன் அவர்களின் பணி நிறைவு விழாவில், 1994ஆம் ஆண்டு, உடன் பணிபுரிந்தோர் வாசித்தளித்தது

கெலமங்கலம் ஈன்ற கண்ணியச் செம்மலே! கணினிக் கூடத்தின் காவலரே! கவலையையே கைத்தடியாக ஊன்றிக் காலமெல்லாம் நடந்தவரே! எங்கள் அன்புக்கும் அவ்வப்போது எங்கள் எரிச்சலுக்கும் உரிய ஐயா அவர்களே!

வணங்குகிறோம். இத்தகைய மடல்களில் விடைபெறுபவரை 'அஞ்சா நெஞ்சர்' என்று அழைப்பது மரபு. அச்சகத்துக்காரர் அந்தச் சொல்லைக் கோத்து ஆயத்தமாகவே வைத்திருந்தார். நாங்கள்தான் எடுத்துவிடச் சொன்னோம். உங்களை அறிந்தவர் எவரும் அதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க மாட்டார். உங்களைப் போல் அஞ்சியவரை இந்தத் தொழிற்பேட்டை கண்டதில்லை. அந்த அச்சத்தைப் பாராட்டத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

உங்களை நேராகப் பார்த்துச் சொன்னால், "அது அப்படியில்லீங்க" என்று பாதியில் எழுந்து திருத்துவீர்கள். ஆகவே மாலையைக் கழற்றாமல் அமர்ந்திருங்கள். அவையோரைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறோம்.

அவையோரே! தொழிற்சாலைக்கு ஓட்டுக்கூரை போட்டிருந்த காலத்திலேயே நாராயணப்பன் இங்கே வந்து சேர்ந்தார். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்ப்பார். பத்தடி நடந்து திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். வானம் வெளுத்திருக்கும் மாசி மாதத்திலும் குடை கொண்டு வருவார். "மழை வராதுங்க சார்" என்றால், "வராதுன்னு மழை உங்ககிட்ட வந்து சொல்லுச்சா?" என்பார்.

கணினி வாங்கலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது அந்தப் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. தூக்கம் போயிற்று. ஒரு பக்கம் வெளிநாட்டுப் பெருங்கணினி, அறையை அடைத்துக்கொண்டு உட்காரும் யானை. மறுபக்கம் மேசைக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கணினிகள். மேலாளர் வெங்கடப்பனுக்கு யானை மேல் ஆசை. நாராயணப்பன் ஒரே வார்த்தை சொன்னார்: "ஒத்த மாட்டை நம்பி ஏர் பூட்ட முடியாதுங்க." சின்னக் கணினிகளே வந்தன. அவற்றுக்குள் எதையும் சேமித்து வைக்க இடமில்லை. எழுதியதெல்லாம் பிளாப்பி என்னும் கறுப்புத் தகட்டில்தான். ஒவ்வொரு பிளாப்பிக்கும் இவர் மூன்று பிரதி எடுக்கச் செய்தார். ஒன்று கணினி அறையில், ஒன்று மேலாளர் அறையில், ஒன்று ஸ்டோரில். தீப்பிடித்தால் மூன்றும் ஒன்றாக எரியக் கூடாதாம். அதைச் சொல்லிக் கேலி செய்யாத வாய் இங்கே இல்லை.

பிறகு பெங்களூர் விண்வெளி மையத்திலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. விண்ணில் ஏவும் கலத்துக்கு வால்வுக் கூடு. உள்ளங்கையில் அடங்கும் பொருள். அதற்கான உலோகத்தை அவர்களே கொடுத்தார்கள். எத்தனை கூடு வேண்டுமோ அத்தனை துண்டு. உபரியாக ஒன்றுகூட இல்லை. ஒன்று கெட்டாலும் ஆர்டர் போயிற்று, அதோடு நம் பெயரும் போயிற்று.

கேன்டீனில் அன்று முதல் வேறு பேச்சில்லை. அஞ்செட்டிக்காரரான எந்திர ஆபரேட்டர் சென்றாயனுக்கு அந்தக் கலத்தின் மேலேயே கோபம்.

"எங்கூருக்குப் பஸ்ஸு ஒழுங்கா வர்றதில்ல. மழைன்னா அதுவும் இல்ல. இதுல மேல எதுக்குங்க சார் வண்டி?"

நாராயணப்பன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். "உனக்குப் பஸ் வருதோ இல்லியோ, மனுசன் மேல போவான் சென்றாயா. இன்னைக்குப் பொட்டி போவுது, நாளைக்கு ஆளு போவும், அப்புறம் பொண்டாட்டி புள்ளையோட குடி போவாங்க. அதுதான் எனக்குப் பயம்."

"போனா நல்லதுதானுங்களே?"

"இங்க மெசின் நின்னா பெங்களூருக்குப் போன் போடறோம். மெக்கானிக் பஸ் ஏறி வந்து எறங்கறான். அங்க ஒரு வால்வு மூடிக்கிச்சுன்னா யாரு வருவா? மூச்சு முட்டிக்கிட்டு உக்காந்திருக்கறவன் எந்தப் பஸ்ஸைப் பாப்பான்?"

டீ ஆறிப்போய்விட்டது. குடிக்காமலே எழுந்து போனார்.

எந்திரத்துக்கு வேண்டிய கட்டளைகளை எழுதும் வேலை கணினி அறை ஜோதிமணிக்கு. ஆயுத பூஜைக்கு முந்திய நாள் அந்த வேலை முடிந்து மூன்று பிளாப்பிகளிலும் ஏறியது. விடுமுறை முடிந்ததும் உலோகத்தை வெட்டத் தொடங்க வேண்டும்.

பூஜையன்று நம் ஆலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். லேத்துக்கு மாலை, டிரில்லிங் மெசினுக்கு வாழைக்கன்று, வாசலில் உடைத்த பூசணி. கணினிக்கும் பொட்டு வைத்தார்கள். பிளாப்பிகள் மட்டும் பூஜைத் தட்டில் இல்லை என்பதைக் கண்டவுடன் நாராயணப்பனுக்குப் பொறுக்கவில்லை. எந்த ஆயுதத்தை விட்டுவிட்டோமோ அதுதான் நாளைக்குக் காலை வாரும் என்பது அவர் நினைப்பு. மூன்று அறையிலிருந்தும் மூன்று பிரதிகளையும் வரவழைத்து ஒரே தட்டில் வைத்தார். தீக்குப் பயந்து பிரித்து வைத்தவர், சாமிக்குப் பயந்து சேர்த்து வைத்தார்.

ஜோதிமணி காகித உறையின் மேலே சந்தனம் வைக்கப் போனார். சென்றாயன் சும்மா இருக்கவில்லை.

"உறைக்கு வெச்சா பிளாப்பிக்கு எப்படிங்க போய்ச் சேரும்? சட்டை மேல திருநீறு பூசுனா நெத்திக்கு வருமா?"

விளையாட்டாகச் சொன்ன பேச்சு. நாராயணப்பனால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நியாயம் போலவே இருந்தது. சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "மூலையில ஒரு சொட்டு வெச்சிரும்மா. மூணுக்கும் வெச்சிரு. ஒன்னையும் வுட்றாத."

ஜோதிமணி வைத்தார். கற்பூரம் காட்டினார்கள். ஈரம் காயாமலே பிளாப்பிகள் உறைக்குள் போயின. உறைகள் நிமிர்ந்த வாக்கில் பெட்டிக்குள் போயின. விடுமுறை முழுதும் அந்தச் சொட்டுச் சந்தனம் மெல்ல மெல்லக் கீழே இறங்கித் தகட்டின் திறப்பு வழியே உள்ளே கசிந்துகொண்டிருந்ததை யாரும் அறியவில்லை.

திரும்பி வந்த காலை, முதல் பிளாப்பியைப் போட்டதும் கணினி கரகரவென்றது. படிக்கவில்லை. இரண்டாவதையும் அதே கணினியில் போட்டார்கள், அதுவும் படிக்கவில்லை. மூன்றாவதை எடுத்த ஜோதிமணியின் கையை நாராயணப்பன் பிடித்து நிறுத்தினார். பிளாப்பியை வாங்கி மோந்து பார்த்தார். சந்தனம் மணத்தது.

அவருக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. யாரையும் ஏசவில்லை. "நான் சொல்லித்தானே வெச்ச" என்று ஜோதிமணியிடம் சொல்லிவிட்டு, மூன்றாவதை, சந்தனம் ஒட்டாத அடுத்த அறைக் கணினிக்கு எடுத்துப் போனார். அது கொஞ்சம் திணறியது. பிறகு படித்தது. கட்டளைகள் எந்திரத்துக்கு ஏறின. ஏறிவிட்டது என்று அறை முழுக்க மூச்சு விட்டது. நாராயணப்பன் மட்டும் விடவில்லை.

மேலாளர் வெங்கடப்பன் வந்தார். "அப்புறம் என்னங்க? உலோகத்தை ஏத்துங்க."

"சந்தனம் பட்டதுங்க. ஒரு எழுத்து மாறியிருந்தா?"

"தப்பு இருந்தா கம்ப்யூட்டரே சொல்லும். ரெண்டு தடவ சொல்லுச்சில்ல? இப்ப சொல்லலியே."

"தப்புன்னு சொல்றதுக்கு, தப்புன்னு அதுக்குத் தெரியணுமேங்க."

வெங்கடப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாவது நாராயணப்பனுக்கும் தெரியும். யானையை வேண்டாமென்று சின்னக் கணினியைக் கேட்டவர் அவர். மூன்று பிரதி கேட்டவர் அவர். மூன்றையும் ஒரே தட்டில் வைத்தவரும் அவர். இதற்கு மேல் தாமதம் கேட்க எந்த முகம் இருக்கிறது? இருந்தும் கேட்டார்.

"மொதல்ல மரத்துல ஓட்டிப் பாக்கலாம்."

சென்றாயன் முகத்தைச் சுளித்தார். விலையுயர்ந்த எந்திரத்தில் மரத்தூள் விழுவதை எந்த ஆபரேட்டர் பொறுப்பார்? இருந்தாலும் பேக்கிங் பகுதியிலிருந்து ஒரு தைலமரக் கட்டை வந்தது. சதுரமாக அறுத்து மாட்டினார்கள். எந்திரம் ஓடத் தொடங்கியது. ஆலை முழுக்கத் தைல வாசம். போகிற வருகிறவரெல்லாம், "நடைவண்டி செய்யறாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கட்டை வெளியே வந்தது. அழகாக இருந்தது. அளந்து பார்த்தார்கள், அளந்த இடமெல்லாம் சரி. வெங்கடப்பன் சிரித்தேவிட்டார். "போதுமாங்க? மனசு ஆறிச்சா?"

நாராயணப்பனுக்கு ஆறவில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். வெயிலுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கத்தில், அளவுகோல் எட்டாத உள்துளை இருந்த இடத்தில், மரத்தின் வழியே சிவப்பாக வெளிச்சம் தெரிந்தது. துளை போக வேண்டிய ஆழத்தைத் தாண்டிப் போயிருந்தது. வெங்காயத் தோல் அளவுக்குத்தான் மரம் மிச்சமிருந்தது. எங்கோ ஓர் எண் மாறிவிட்டது. கணினி அதைத் தப்பென்று அறியவில்லை.

உலோகத்தில் வெளிச்சம் தெரிந்திருக்காது.

சென்றாயன் கட்டையை வாங்கித் தாமும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "மேல போறவன் மூச்சு இதுலயாங்க சார் இருக்குது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் பஸ் பேச்சை எடுத்ததில்லை.

பெங்களூருக்கு யார் சொல்வது? நாராயணப்பனே டிரங்க் கால் போட்டார். அவருடைய கன்னடம் நல்ல கன்னடம். ஆயுத பூஜை, பிளாப்பி, சந்தனம் என்று ஒன்று விடாமல் சொன்னார். "தப்பு என்னுதுங்க" என்றார். சொல்லும்போதே அவர் மனதில் ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரி ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தனை பீஸ் போச்சு?" என்று மறுமுனை கேட்டது.

"கட்டை ஒன்னு போச்சுங்க."

"என்ன கட்டை?"

"மரக்கட்டைங்க."

மறுமுனையில் இருந்தவர் சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று நாராயணப்பனால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. "நிதானமா செய்யுங்க. அவசரப்பட வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். வரைபடத்தை விரித்து, முதல் வரியிலிருந்து, ஜோதிமணியும் அவரும் புதிதாக எழுதினார்கள். மறுபடி மரம். மறுபடி ஜன்னல். வெளிச்சம் தெரியவில்லை. அதன் பிறகே உலோகம் ஏறியது. ஒரு துண்டும் கெடவில்லை.

இரண்டாண்டு கழித்து அந்தக் கலம் ஏறியது. கேன்டீனில் தொலைக்காட்சி வைத்து எல்லாரும் கூடியிருந்தோம். நாராயணப்பன் உள்ளே வரவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். சென்றாயன் ஓடிப்போய், "போயிருச்சுங்க சார்" என்றார்.

"வால்வு தொறந்துச்சா?"

"தொறக்காமயா போவும்? இனிமே வுடுங்க சார்."

"இனிமேதான்ப்பா. அங்க மெக்கானிக் இல்லியே."

ஐயா, இப்போது உங்களையே பார்த்துச் சொல்கிறோம். உங்கள் பயம்தான் அன்று கெடுத்தது. உங்கள் பயம்தான் அன்று காத்தது. பூஜைக்கு இப்போதும் தட்டு நிறைய ஆயுதங்கள் வைக்கிறோம். ஆனால் ஒரு பிரதி மட்டும் ஸ்டோரை விட்டு வருவதில்லை. அதன் எதிரே போய் நின்று நீங்கள் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். புதுக் கட்டளை எதுவாயினும் முதலில் மரத்தில் ஓடுகிறது. அந்த மரத்துக்கு இங்கே புதிதாகச் சேர்ந்தவர்கூடச் சொல்லும் பெயர் 'நாராயணப்பன் கட்டை'.

கணினிகள் பெருகுகின்றன. இனி எந்திரமே எந்திரத்துக்குக் கட்டளை எழுதும் என்கிறார்கள். மனிதர் வானில் வீடு கட்டுவார் என்கிறார்கள். எங்களுக்கும் உங்கள் பயம் தொற்றிக்கொண்டது. எங்கோ ஒரு நாள், மேலே ஒரு வீட்டில், ஒரு குழந்தை கவலையில்லாமல் மூச்சு விட வேண்டுமானால், கீழே ஒருவர் அதற்காகக் கவலைப்பட்டிருக்க வேண்டும் என்று உங்களிடம் கற்றோம்.

வெளிச்சம் தெரிந்த அந்த முதல் கட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து உங்களுக்கு நினைவுப் பரிசாகத் தர எண்ணியிருந்தோம். சென்றாயன் தர மறுத்துவிட்டார். "அதைக் குடுத்துட்டா நாளைக்கி நம்மள யாரு பயமுறுத்தறது?" என்று கேட்டார். சரி என்று பட்டது.

ஆகவே ஐயா, அறைச் சாவியையும் கோப்புகளையும் முறைப்படி ஒப்படைத்த நீங்கள், ஒன்றை மட்டும் இன்னும் கையிலேயே வைத்திருக்கிறீர்கள். அதையும் கொடுங்கள். உடல் நலத்தோடும் உற்றார் சூழவும் நெடுநாள் வாழுங்கள். குடையை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போங்கள். பூட்டை ஒரு முறை மட்டும் இழுத்துப் பாருங்கள். கட்டையும் கவலையும் எங்களிடம் இருக்கட்டும். இன்றிரவு நீங்கள் தூங்குங்கள். இனி நாங்கள் பயப்படுகிறோம்.

உங்கள் கவலையை இன்று பொறுப்பேற்றுக்கொண்ட,
எந்திரக் கூடம், கணினி அறை, ஸ்டோர், கேன்டீன் ஊழியர் அனைவரும்
ஓசூர்