சூடு போக ஒரு வழி

கடல்மீன் வளர்க்கிறவனுக்கு மீனைப் பற்றித் தெரியாவிட்டால்கூடச் சமாளித்துவிடலாம், சூட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். விளக்கு சூடாகும், தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டார் சூடாகும், வெயில் காலத்தில் சுவரே சூடாகும். எல்லாம் கடைசியில் தொட்டித் தண்ணீரில்தான் வந்து இறங்கும். அது வெளியேற வழி வைக்காவிட்டால் பவளம் வெளுத்துச் செத்துப்போகும். ஆற அமரக் கேளுங்கள் ஐயா, எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

முதலில் தண்ணீர்மேல் காற்று படும்படி ஒரு சின்ன மின்விசிறி வைத்திருந்தேன். தண்ணீர் ஆவியாகும், தொட்டி குளிரும். ஆனால் அந்த ஈரமெல்லாம் ஹாலிலேயே தங்கியது. சுவர் உரிந்தது, அலமாரிக் கதவு உப்பிக்கொண்டு மூட மறுத்தது. "நாம வீட்டுல குடியிருக்கோமா, குளியலறையில குடியிருக்கோமா?" என்பாள் என் மனைவி. அவளுக்குத் தொட்டியைக் கண்டாலே ஆகாது.

மாமனார் அப்படியில்லை. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மாமியார் போன பிறகு எங்களோடு வந்து தங்கினார். ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றுவது அவர் பொறுப்பு. தொட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓயாமல் போய்வந்த மஞ்சள் மீனுக்குக் கண்டக்டர் என்று பேர் வைத்தவரும் அவர்தான். வேலைவிட்டு வந்ததும் நானும் அவரும் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். அந்த வீட்டில் எனக்கென்று ஒருவர் இருக்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இயந்திரம் ஒன்று வாங்கினேன். அது குளிரை உண்டாக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தண்ணீரின் சூட்டை எடுத்து வேறு யார் தலையிலாவது கட்டிவிடும், அவ்வளவுதான். தொட்டிக்குக் கீழே மரப்பெட்டிக்குள் வைத்தோம். தான் விட்ட அனலையே தான் இழுத்துக்கொண்டு திணறியது. "ரேடியேட்டர் மாதிரிதான் மாப்பிள்ளை, காத்து போக இடம் விடணும்" என்றார் மாமனார். பின்பலகையை அறுத்து, வளைகிற குழாய் ஒன்றைப் பொருத்தி, அனலைப் பால்கனிக்கு விட்டோம். அவர் குழாயைப் பிடித்துக்கொள்ள நான் டேப் ஒட்டினேன். அன்றைக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட எனக்கு இருந்ததில்லை.

ஒருநாள் தொட்டிக்கு உப்பு வாங்கப் போனபோது வளர்ப்புமீன் கடைக்காரர் சொன்னார்: "உங்க மாமனார் வந்திருந்தாரு சார். தொட்டியை மீனோட மொத்தமா எடுத்துக்குவீங்களான்னு கேட்டாரு. நீங்க வேலைக்குப் போன நேரமா பார்த்து வரணுமாம். உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும் என்றேன். மனைவி போயிருந்தால் கோபம் வந்திருக்கும், ஆறியிருக்கும். இவர் போனதில் எனக்கு அழுகை வந்தது. கூடவே இருந்து குழி பறித்துவிட்டார். ஏன் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஒரு காரணம் சொல்வார், காரணத்தைக் கேட்டால் மனம் இளகிவிடும். அன்று மாலையும் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். அவரும் ஒன்றும் நடக்காததுபோல் கண்டக்டரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

வெயில் ஏறியது. மனைவி தன் தங்கையின் பிரசவத்துக்கு உதவப் போனாள். தொட்டிக்குப் பின்சுவரை ஒட்டித்தான் மாமனாரின் அறை. சுவரின் மேற்பகுதியில் காற்று வருவதற்கென்று ஒரு துவாரம் உண்டு.

"பால்கனியில வெயில் நேரா அடிக்குது மாமா, அனல் வெளியே போக மாட்டேங்குது. கொஞ்ச நாளைக்கு உங்க ரூம் பக்கம் விடட்டுமா?"

"விடுங்க மாப்பிள்ளை. நான் பார்க்காத இன்ஜின் சூடா?"

"ஜன்னலை மட்டும் திறந்துடாதீங்க. ஹால் ஜன்னல் பக்கத்துலயே இருக்கு. சூடு சுத்திக்கிட்டு தொட்டிக்கே வந்துடும். மீனெல்லாம் செத்துப்போயிடும்."

"சரி மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, நான் ஏறி நிற்க ஸ்டூலும் கொண்டுவந்து கொடுத்தார்.

ஜன்னல் விஷயம் பொய். திறந்திருந்தால் தொட்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவர் இதயத்துக்காக, உடம்பு நீரை வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுகிறவர். வெயில் காலத்தில் புழுக்கத்தில் வைக்காதீர்கள் என்று டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். நான் எதையும் மறப்பவன் இல்லை.

காலையில் முகம் சிவந்து, பனியன் நனைந்து வெளியே வருவார். நடை தள்ளாடும். "மீனுக்கு இப்ப பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்பார். பரவாயில்லை மாமா என்பேன். அது உண்மைதான்.

கடைசி நாள் சில்லரை இன்னும் கூடுதலாகக் குளிரவைக்கும்படி திருப்பிவிட்டு வேலைக்குப் போனேன். தண்ணீருக்கு அது தேவைப்படவில்லை. மதியம் மாத்திரை போட்டதும் அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார். மாலையில் வந்து முதலில் தொட்டியைப் பார்த்தேன். பவளம் விரிந்து அழகாக இருந்தது. பிறகுதான் அவர் கதவைத் திறந்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது, அனலைச் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டு.

சவக்கிடங்கு வாசலில் என் மனைவி, அப்பாவை மீன்கடைக்கு அனுப்பியதே தான்தான் என்றும், அவர் மாட்டேன் மாட்டேன் என்றுதான் போனார் என்றும் சொல்லி அழுதாள். இருக்கட்டும். போனது அவர்தானே.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான். கட்டிலில் படுத்தபடியே கை எட்டும் ஜன்னல், இறுக்கமில்லாத தாழ்ப்பாள், நினைவு தெளிவாக இருந்த மனிதர், ஏன் திறக்கவில்லை? என் வக்கீலும் அதைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். அவர் திறந்திருக்கலாம், அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன் என்று வாதாடலாமாம். வேண்டாம் ஐயா, உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். திறந்தால் மீன் சாகும் என்று நான் சொல்லியிருந்தேன். அந்த வீட்டில் நான் சொன்னதை அப்படியே நம்புகிறவர் அவர் ஒருவர்தான்.