பதினான்கு புள்ளி இரண்டு

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுத வகுப்பே என்னிடம்தான் வரும். நான் எழுதினால் காய்ச்சலை ஆசிரியர்கள் நம்பிவிடுவார்கள். ஆகவே விசாரணைக் குழுவினராகிய நீங்கள், நடந்ததைக் கைப்பட எழுதித் தரச் சொன்னதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை.

நான் இந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் டெக்னீஷியன். மயக்க மருந்துப் பிரிவின் பெரிய டாக்டருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் நம்பர் சார். போனில் அவருக்கு ஹலோ கிடையாது. “நம்பர் சொல்லு” என்பார், சொன்னதும் வைத்துவிடுவார்.

சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்பு அவர் அனுப்பிய ரத்தம் குழாயிலேயே உறைந்திருந்தது. வேறு ரத்தம் அனுப்பும்படி இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்பினேன். அவரே இறங்கி வந்தார். வரிசையில் நின்றவர்களிடம் என் சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

“எவ்ளோ அழகா எழுதியிருக்கான் பாருங்க. கல்யாணப் பத்திரிகை எழுத வேண்டியவன், தப்பி இங்க வந்துட்டான்.”

சீட்டை நாலாகக் கிழித்து என் சட்டைப் பையில் செருகினார். “நம்பர் கேட்டா நம்பர் குடு. கருத்துச் சொல்ல நான் இருக்கேன்டா.”

வரிசை சிரித்தது. தன் சிறுநீரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மனிதர்கூடச் சிரித்தார்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. ஆய்வக ஊழியர்கள் அறிக்கையில் எண்களைத் தவிர எதையும் எழுதக் கூடாது. அதைச் சுவரில் ஒட்டியது நான்தான். கோணலாக இருக்கக் கூடாது என்று ஸ்கேல் வைத்து ஒட்டினேன்.

இனி தையல்காரர். வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தவர். காலையில் எலும்பைச் சேர்ப்பதற்காகக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டார்கள். மருந்து ரத்தக்குழாய்க்குள் போய்விட்டது. வலிப்பு வந்தது, இதயம் நின்றது. ஆறு நிமிடம் நெஞ்சை அழுத்தினார்கள். நம்பர் சார் வெள்ளை பாட்டிலை ஏற்றினார்.

அந்த பாட்டிலில் இருப்பது எண்ணெய்தான். சாப்பிட முடியாதவர்களுக்கு நரம்பு வழியாக ஏற்றும் கொழுப்பு, பார்க்கப் பால் போலிருக்கும். மரத்துப்போகும் மருந்து விஷமாகும்போது இதை ஏற்றினால், மருந்தை இதயத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். இதயம் மறுபடி துடித்தது. நம்பர் சார் செய்த நல்ல காரியம் அது. அதை மறைக்கும் அளவுக்கு நான் அற்பன் அல்ல.

ஆனால் கொழுப்பை ஏற்றும் முன்பே பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வைக்க வேண்டும். எடுக்கவில்லை. ஏற்றிய பிறகு எடுத்தால் ரத்தமே பாலாகிவிடும். எங்கள் மெஷின் ரத்தத்துக்குள் ஒளியைப் பாய்ச்சித்தான் அதிலுள்ள ஹீமோகுளோபின் அளவைச் சொல்கிறது. கலங்கலாக இருந்தால் ரத்தம் நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். மெஷின் முட்டாள். ஆனால் நேர்மையான முட்டாள், சந்தேகம் வந்தால் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடும்.

ஒன்பது ஐம்பதுக்கு முதல் குழாய் வந்தது. மெஷின் பதின்மூன்று புள்ளி ஒன்று என்றது, நட்சத்திரத்தோடு. நல்ல நம்பர், திடமான ஆளின் நம்பர். நட்சத்திரம் எண் அல்ல. ஒரு விசையைத் தட்டினேன், போய்விட்டது.

பிறகு எங்களிடம் மூலையில் கிடக்கும் பழைய சுழல் பொறியை எடுத்தேன். ஊசி போன்ற கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, ஐந்து நிமிடம் சுற்றவிட வேண்டும். சிவப்பு அடியில் தங்கும், பால் மேலே நிற்கும். கொழுப்பால் அந்தச் சிவப்பை ஏமாற்ற முடியாது. நூற்றுக்கு நாற்பது இருக்க வேண்டிய சிவப்பு இருபத்து நாலுதான் இருந்தது. அந்த ஆளுக்கு உள்ளே எங்கோ ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது. நெஞ்சை அழுத்தும்போது கல்லீரல் கிழிந்திருக்கிறது என்று பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. எனக்கு இடம் தெரியாது. கொட்டுவது தெரியும்.

அதை ஒரு சீட்டில் எழுதினேன், நேரமும் போட்டேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பைக்குச் சீட்டு புதிதல்ல.

மேல்மாடி வார்டில் தையல்காரரின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. ரத்த நம்பர் நன்றாக இருப்பதால், விஷம் இன்னும் இதயத்தில் இருக்கிறது என்று நம்பர் சார் முடிவு செய்தார். இன்னொரு பாட்டில் கொழுப்பு ஏற்றினார். பத்தே முக்காலுக்கு வந்த ரத்தம் இன்னும் வெள்ளையாக இருந்தது. மெஷின் பதின்மூன்று புள்ளி ஆறு. என் குழாய் இருபது. அவர் மூன்றாவது பாட்டிலை மாட்டினார். பதினொன்று நாற்பதுக்கு மெஷின் பதினான்கு புள்ளி இரண்டு, என் குழாய் பதினேழு. ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சீட்டு எழுதிப் பையில் வைத்தேன். ரத்தம் கொட்டக் கொட்ட நம்பர் ஏறியது. அவர் கேட்டது நம்பர். நான் குறை வைக்கவில்லை.

வார்டு சிஸ்டர் போன் செய்தார்.

“தம்பி, ஆளு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்காரு. பதினாலுங்கறீங்க. சரியாப் பாத்தீங்களா?”

“மெஷின் குடுத்தது அதுதான் சிஸ்டர்.”

“உங்களுக்கு என்ன தோணுது?”

“எனக்குத் தோணக் கூடாதுன்னு சுவத்துல ஒட்டியிருக்கு.”

சிஸ்டர் சிரித்தார். பாவம், நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார்.

தையல்காரரின் மனைவி கவுண்டருக்கு வந்தார். கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார்.

“தம்பி, ரிப்போர்ட் எப்படி இருக்கு?”

“நம்பர் நல்லா இருக்குக்கா.”

“கை பழையபடி வந்துரும்ல? அந்தக் கைதான் தம்பி எங்களுக்குக் கடை.”

“அதெல்லாம் டாக்டர்தான்கா சொல்லணும்.”

நான் சொன்னதில் ஒரு சொல்லாவது பொய்யா என்று குழு பார்த்துக்கொள்ளலாம். அந்த அக்கா எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். பதிலுக்கு நானும் போட்டேன்.

எனக்குக் கோபமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். இல்லை. ஒருவர் போனில் ஹலோ சொல்லி, “தம்பி, உனக்கு என்ன தோணுது” என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். சிஸ்டர் கேட்டாரே என்பீர்கள். கேட்க வேண்டியவர் சிஸ்டர் அல்ல.

மூன்று குழாய்களையும் களிமண் பலகையில் வரிசையாக நட்டு வைத்திருக்கிறேன். சீட்டுகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு நம்பர் சார் மேஜையில் வைக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். அவர் எதைக் கிழிக்கிறார் என்று பார்க்க ஆசை.

மூன்றாவது சீட்டில் நோயாளியின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று இருப்பதைக் கவனித்தீர்கள். சீட்டில் உள்ள நேரம் பதினொன்று ஐம்பது. அவர் இறந்தது ஒன்று பத்துக்கு. பதற்றத்தில் நேரத்தைத் தவறாகப் போட்டிருப்பேன் என்று உங்களில் ஒருவர் எனக்காகப் பரிந்து பேசினார். அவருக்கு நன்றி. ஆனால் நான் நேரத்தைத் தவறாகப் போடுவதில்லை. பதற்றம் எங்காவது தெரிகிறதா என்று கையெழுத்தைப் பாருங்கள்.