குண்டு பட்ட ஆப்பிள்

அரியாங்குப்பத்திலிருந்து டவுனுக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் ஒரு பை நிறைய ஆப்பிள்.

"நேத்து பிரச்சாரக் கூட்டத்துல சுட்டாங்களே, அதுல அடிபட்டது எங்க வீட்டுக்காரரு ஒருத்தருதாங்க்கா."

"யாருக்கும் ஒண்ணும் ஆவலைன்னு டிவியில சொன்னாங்களே. அவரு கூட்டத்துக்கே வரலியே, வசந்தா?"

"வரலை. தலைவருக்குப் போட கிரேன்ல ஆப்பிள் மாலை தொங்கவுட்டிருந்தாங்கல்ல, குண்டு அதுலதான் பட்டுச்சு. மாலை அறுந்து கொட்டுச்சு. கொஞ்சம் பொறுக்கினு வந்தேன். வீட்ல இவரு ஒண்ணைக் கடிச்சாரு, உள்ள குண்டு. முன்பல்லு போச்சு."

"ஐயோ! போலீசு அந்தக் குண்டைத்தான தேடுது. போய்க் குடுத்துடுடி."

"எப்படிக்கா குடுக்கறது? எல்லாரும் ஓடினப்ப நீ மட்டும் ஏன் ஓடலைன்னு கேப்பாங்களே."

"ஆமா, நீ ஏன் ஓடலை?"

"மடி நிறைய ஆப்பிளை வெச்சுனு எப்படிக்கா ஓடுறது?"

நியாயம்தான் என்பதுபோல் அக்கா தலையாட்டினாள். இறங்கும்போது வசந்தா இரண்டு ஆப்பிள்களை எடுத்து நீட்டினாள். அக்கா ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.