ஒரு துளிக்கு ஒரு செல்

ஆய்வுக்கூடத்தின் அன்புத் தலைவியே, ஆரவாரத்துக்கு அசையாத அறிவே, இன்று ஓய்வு பெறும் எங்கள் மேடம் அவர்களே! உங்களிடம் திட்டு வாங்கியே தேறிய நாங்கள் அனைவரும் கூடி எழுதிய மடல் இது.

நீங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த அந்தக் காலை, எங்கள் கைதட்டலில் அறையே அதிர்ந்துகொண்டிருந்தது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள்; அவற்றில் ஒன்று உறங்கிவிடும். எங்களிடம் சிகிச்சை தேடி வந்த ஒரு சிறுமிக்கோ, பல செல்களில் நல்லது உறங்க, பழுதானது விழித்திருந்தது. உறங்குவதை எழுப்பும் மருந்தை அவளுடைய தோல் செல்களில் இட்டு, ஒரு துளிக்கு ஒரு செல்லாகப் பிரித்து, எந்த எக்ஸ் விழித்திருக்கிறது என்று படித்தோம். சில துளிகளில் இரண்டுமே விழித்திருந்தன!

"கேக் சொல்லியாச்சு மேடம். அந்தப் பொண்ணோட அம்மாவுக்கும் போன் பண்ணிடலாமா?" என்றார் எங்கள் கணினிக்காரர்.

திரையை வெகுநேரம் பார்த்தீர்கள். "ஒரு துளிக்குள்ள ரெண்டு செல் மாட்டியிருந்தா? ஒண்ணுல அப்பா கொடுத்த எக்ஸ் முழிச்சிருக்கும், இன்னொண்ணுல அம்மா கொடுத்தது. சேர்த்துப் படிச்சா, ரெண்டும் முழிச்ச மாதிரிதான் தெரியும்."

"அப்ப கேக்கு?"

"கேக்கைச் சாப்பிடுங்க. முடிவைத் தூக்கிப் போடுங்க."

அந்தத் தாய் வரும்போதெல்லாம் கேட்பார்: "நம்பிக்கை வெச்சுக்கலாமா மேடம்?"

"இன்னும் வேணாம்மா. வெச்சுக்கலாம்னா நானே சொல்றேன்."

கல்நெஞ்சு என்று முணுமுணுத்தோம். நீங்களோ சோதனைத் தட்டில் ஒரு குழிக்கு ஒரு செல்லை விட்டு, நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலைக்கு விட்டீர்கள். மாதக்கணக்கில் அதே வேலை. முந்தைய மகிழ்ச்சியில் பெரும்பகுதி கரைந்துபோனது. கரையாமல் நின்றன சில செல்கள்: ஒவ்வொன்றும் தனிச் செல், ஒவ்வொன்றிலும் இரண்டு எக்ஸும் விழித்தபடி. அந்த முடிவு நேற்றுத்தான் வந்தது.

சராசரியில் சமாதானமாகாமல் செல்களைத் தனித்தனியே விசாரித்த நீங்கள், எங்களையும் அப்படித்தான் விசாரித்தீர்கள்: யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் பரீட்சை என்று. நோயின்றி, நல்ல உறக்கத்தோடு நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். சிகிச்சைக்கு இன்னும் தூரம் உண்டு; நடக்க நாங்கள் இருக்கிறோம்.

நேற்று மாலை நடைவழியில் நின்று அந்தத் தாய்க்குப் போன் செய்தீர்கள். கதவுக்குப் பின்னால் நாங்கள் ஒட்டுக்கேட்டோம், மன்னியுங்கள்.

"சிகிச்சைன்னு சொல்ல இன்னும் நாளாகும்மா. ஆனா நம்பிக்கை வெச்சுக்கலாமான்னு கேட்டீங்களே, இப்ப வெச்சுக்கலாம்."