மூன்றாவது கருவியை நான்தான் சொன்னேன்

கிரைண்டர் நல்ல பொருள். எனக்கு அதன் மேல் எந்தக் கோபமும் இல்லை.

என் பெயர் வேடியப்பன். ஒடுகத்தூரில் வீட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் நசருல்லா பாய்க்காக ஜவ்வாது மலையில் சுமை தூக்குகிறேன். கடைக்கு இணையதளம் உண்டு. மலைக்காரர்கள் அதில் கிரைண்டர் கேட்டால், கோயம்புத்தூரிலிருந்து நேரே மலைமேல் புதூர்நாட்டுக்கு ஜீப்பில் வந்து இறங்கும். அதற்கு மேல் தலைச்சுமை. தலை என்னுடையது.

மலையில் கதவு எண் கிடையாது. "பலா மரத்தாண்ட வூடு" என்றுதான் எழுதுவார்கள். எந்தப் பலா மரம் என்பது எனக்குத்தான் தெரியும். இந்தக் குழப்பம் தீர, இணையதளத்தில் முகவரியைத் தானாக நிரப்பும் கருவிகள் மூன்றை பாய் எனக்குக் காட்டினார்.

"நீயே பாத்து ஒண்ணு சொல்லுப்பா. நடக்கிற ஆளு நீ."

முதலாவது எல்லாக் குக்கிராமங்களையும் சொன்னது. இரண்டாவது வீட்டுக் கூரையையே காட்டியது. மூன்றாவதற்கு மலையே தெரியவில்லை. எந்த ஊரை அடித்தாலும் சென்னை அம்பத்தூரில் ஒரே அடுக்குமாடி வீட்டை நிரப்பியது. என் முழங்கால் இரண்டும் வீங்கியிருந்த வாரம் அது.

"மூணாவதுதான் பாய் சுத்தமா வேலை செய்யுது" என்றேன்.

திருவிழாவுக்கு இட்லிக் கடை போடுவதாக முத்தம்மாள் ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். கிரைண்டர் கேட்டு என் எதிரில்தான் போனைத் தட்டினாள்.

"இன்னாண்ணா, மெட்ராஸ்னு வருது?"

"போனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிடப் போவுது? அமுக்கு."

அமுக்கினாள். எங்கள் ஊரில் போன் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

கிரைண்டர் வரவில்லை. நூறு பேருக்கான மாவை ஆட்டுக்கல்லில் ஆட்டினாள். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். நான் ஆறு இட்லி தின்றேன். கையால் ஆட்டிய மாவுக்குத் தனி ருசி என்று அவளிடமே சொன்னேன்.

கரண்டியை ஓங்கினாள். "வாயிலயே இழுத்துடுவேன். எங்கண்ணா என் கிரைண்டரு?"

தெரியாது என்றேன்.

இதுவரை பதினான்கு கிரைண்டர்கள் அம்பத்தூருக்குப் போயிருக்கின்றன. அந்த வீட்டுக்காரர் நேற்று பாய்க்குப் போன் செய்து அழுதாராம். வாசல் கதவு திறக்கவில்லை, பால் பாக்கெட்டை ஜன்னல் வழியாக வாங்குகிறாராம்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். அதில் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை என்பது என் கருத்து.

பாய் இன்னும் கருவியைத்தான் திட்டுகிறார். பதினான்கையும் அந்த மாடியிலிருந்து இறக்கி, லாரியில் கொண்டுவந்து, ஒரே வாரத்தில் மலையில் வீடு வீடாகச் சேர்க்க என்னைத்தான் அனுப்புகிறார். கடையில் இத்தனை பேர் இருக்க, என் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.