சோலை நகரைத் தாண்டி

— ...போதும்ங்க. இன்னும் இறுக்குனீங்கன்னா கார் கூரையே நசுங்கிடும்.

— போர்டு பதினாலு அடி நீட்டம். ஈசிஆர்ல பின்னாடி வர்ற பஸ்காரனுக்குத் தெரிய வேணாமா? வால் பக்கம் சேப்புத் துணி கட்டினியா?

— கட்டிட்டேன்.

— ஏறு. இந்தா, தலயத் தொவட்டு மொதல்ல.

— சீட்டெல்லாம் ஈரமாயிடும்.

— ஆவட்டும்.

— ...கோவமா?

— பெல்ட்டப் போடு.

— கோவம்தான்.

— நாம பேசி வச்சது எந்த எடம், ஹேமா?

— சோலை நகர்.

— இது?

— தந்திராயன்குப்பம்.

— வீராம்பட்டினத்துல நீ எறங்குற. தெக்கத்திக் காத்து முதுகுல தள்ளத் தள்ள வடக்க வர்ற. நான் கார எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள பூந்து சோலை நகர்ல வந்து நிக்கிறேன். மஞ்சத் துண்ட ஆட்டுறேன். நீ கரை ஏறுற. இதான பேச்சு?

— அதான்.

— அப்புறம்?

— வெய்யிலுங்க. சாயங்கால வெய்யில் நேரா மூஞ்சில அடிச்சுது. கரைப் பக்கம் பாத்தா ஒண்ணுமே தெரியல.

— மஞ்சத் துண்டும் தெரியல.

— தெரியல.

— கை விட்டுப் போற மாதிரி ஆட்டுனேன்.

— சாரிங்க.

— சாரி... அங்க வல பிரிச்சுக்கிட்டிருந்தவங்ககிட்டப் போயி, 'அண்ணே, எம் பொண்டாட்டி கடல்ல ஒரு பலக மேல நின்னுக்கிட்டுப் போறா, காணோம்'னு சொல்றேன். என்னப் பாக்குறாங்க. குடிச்சிருக்கேனான்னு மோந்து பாக்குறாங்க. இளஞ்செழியன்னு ஒருத்தர்தான், 'இரு சார், போயிப் பாத்துடலாம்'னு போட்டத் தள்ள வந்தாரு. போட்டு பாதி தண்ணில எறங்கிடுச்சு, அப்பதான் ஒன் போன் வருது.

— என் போன்தான் உங்ககிட்ட இருக்கே. அது குஞ்சம்மாள்னு ஒருத்தங்க போன். மீன் கூடையோட நின்னாங்க. உங்க நம்பர் ஒண்ணுதான் எனக்கு மனப்பாடம்.

— ம்.

— பேசிட்டுக் குடுத்தேனா... 'எங்கேந்தும்மா வர்ற'ன்னாங்க. வீராம்பட்டினம்னேன். போர்டச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு, 'மோட்டார எங்க வுட்ட'ங்கிறாங்க.

— சிரிக்காத. நான் இன்னும் சிரிக்கிற நெலமைக்கு வரல.

— சிரிக்கல.

— ...சரி, சொல்லு. எப்பிடி இருந்துச்சு?

— கோவமா இருக்கீங்க.

— கோவமாதான் கேக்குறேன். சென்னையிலேந்து லாரில வந்து, ஒரு வாரமா ஹால்ல குறுக்க கெடந்துச்சே அந்த மகாராணி, எப்பிடி இருந்துச்சு தண்ணில?

— அத்தை அத கட்டில்லேந்தே பாத்துட்டு, 'யாருக்குடி இவ்ளோ நீட்டு ஊஞ்சப் பலக'ன்னு கேட்டாங்க இல்ல...

— பேச்ச மாத்தாத.

— மொதல்ல அழுகையே வந்துடுச்சுங்க. ஆத்துல வாடகைக்கு எடுத்து ஓட்டுவேனே, அது கட்டில் மாதிரி. மேல நின்னு பொடவயே மடிக்கலாம். இது அகலமே இல்ல. அடி வேற உருண்டயா இருக்கு. சும்மா நின்னா கவுத்துடப் பாக்குது. முட்டி ரெண்டும் கிடுகிடுங்குது.

— அகலமா வாங்குன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்.

— துறைமுக வாய்க்கிட்ட விழுந்துட்டேன்.

— விழுந்தியா? அத ஏன் போன்ல சொல்லல?

— சொன்னா காரத் தலகீழா ஓட்டிக்கிட்டு வருவீங்க. கணுக்கால்ல கட்டியிருந்த கயிறு வெடுக்குன்னு இழுத்துச்சு, போர்டு எங்கயும் போவல. ஆனா ஏறப் பாத்தா வழுக்குது. ஏற, விழ... மூக்கெல்லாம் உப்புத் தண்ணி. வேணாம், திரும்பிடலாம்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன். திரும்ப முடியாதுங்க. காத்து எதுக்க நிக்குது, செவுரு மாதிரி.

— ம்.

— வேற வழியில்லன்னு எழுந்து நின்னேன். அப்பதான்...

— இரு, இரு. இவன் பாரு, இண்டிகேட்டர் போடாமயே குறுக்க வர்றான். ...ம், சொல்லு. அப்பதான்?

— பின்னாலேந்து ஒரு அலை வந்து போர்டு வாலத் தூக்குச்சு. மெதுவா. தூங்குற புள்ளையக் கை குடுத்துத் தூக்குவோமே, அப்பிடி. வால் தூக்குனா நாலு துடுப்பு வேகமாப் போடுன்னு கத்துக் குடுத்திருந்தாங்க. போட்டேன். அதுக்கப்புறம் நான் ஒண்ணும் பண்ணலீங்க.

— ஒண்ணும் பண்ணலன்னா?

— துடுப்பு கையில சும்மா இருக்கு. போர்டு போவுது. அடியில சர்ர்ருன்னு துணி கிழியிற மாதிரி ஒரு சத்தம். சும்மா நின்னப்ப அந்த ஆட்டம் ஆடுனது, ஓடும்போது ஆடல. நம்ம ஹால் தரை மாதிரி நிக்குது.

— பயமா இல்ல?

— பயம்னு அதுக்குப் பேரு வைக்க முடியல. ...இத்தன வருஷமா பிளஸ் டூ பசங்களுக்கு பிசிக்ஸ் நடத்துறேன். கரும்பலகையில வளஞ்சு வளஞ்சு கோடு போட்டு, 'தண்ணி நகராது, அலைதான் நகரும்'பேன். எழுதிக்குவாங்க. அழிச்சுட்டு அடுத்த பாடம் போயிடுவேன். அது இவ்ளோ பெருசுன்னு எனக்கே தெரியாதுங்க. எங்கயோ தெக்க, கடலூருக்கும் அந்தாண்ட, காத்து தண்ணியத் தொட்டிருக்கு. அது அங்கேந்து வந்து, என் காலுக்கு அடியில பூந்து, என்னத் தூக்கிக்கிட்டுப் போவுது. ஒண்ணு எறக்கி விடுது, அடுத்தது வாங்கிக்குது.

— ...

— என்னங்க?

— ஒண்ணுமில்ல. சொல்லு.

— எதுவா இருந்தாலும் நாமதான் தள்ளணும்னு எனக்குப் பழகிப் போச்சு. தண்ணி லாரி வரலன்னாலும் நான்தான், கேஸ் வரலன்னாலும் நான்தான். இன்னிக்கு என்னயே ஒண்ணு தள்ளிக்கிட்டுப் போவுது, நான் சும்மா நிக்கிறேன். நின்னா போதுங்குது. நம்ம ஊர நான் அப்பிடிப் பாத்ததே இல்ல. உடைஞ்ச பழைய பாலத்துக்கு வெளியால வர்றேன். லைட் ஹவுஸ் தெரியுது. காந்தி சிலை தீக்குச்சி கணக்கா நிக்குது. கப்ஸ் மாதா கோயில் கோபுரம் ரெண்டும் தெரியுது. பீச் ரோட்ல ஜனம் எறும்பு மாதிரி நடக்குது, ஒரு சத்தம் கெடையாது. நாம தெனம் ஹாரன் அடிச்சு அடிச்சு நொந்து போற ஊரு, அங்கேந்து பாத்தா ஒரு கைக்குள்ள அடங்கிடுது.

— காந்தி சிலை தெரிஞ்சுது.

— ஆமா.

— கோபுரம் தெரிஞ்சுது. ஜனம் நடக்குறது தெரிஞ்சுது.

— ஆமா...

— வெய்யில் அடிச்சு கரையே தெரியலன்ன?

— ...அது அப்புறம். மொதல்ல மேகம் மறச்சிருந்துச்சு.

— மேகம்.

— ஆமாங்க.

— போன் அடிக்குது, எடு.

— உங்க தங்கச்சி. சந்திரகலா. ஐயோ, அத்தைக்குக் கஞ்சி குடுக்குற நேரம்... ஸ்பீக்கர்ல போடுறேன். ஹலோ, சந்திரா, வந்துட்டோம்மா, முத்தியால்பேட்டை தாண்டிக்கிட்டிருக்கோம்...

— எதுக்கு அண்ணி இப்பிடிப் பதறுறீங்க? அம்மா கஞ்சி குடிச்சாச்சு. மாத்திரையும் குடுத்துட்டேன். டிவி பாத்துக்கிட்டே தூங்கிட்டாங்க.

— என்னத் தேடுனாங்களா?

— இல்லியே.

— ஒரு தடவகூடவா?

— கேக்கவே இல்ல அண்ணி. சீரியல்ல யாருக்கோ கல்யாணம், அதுலயே இருந்தாங்க. வர்றப்ப கொசுவத்தி வாங்கிட்டு வாங்க, அதுக்குத்தான் பண்ணேன். அண்ணாவ மெதுவா ஓட்டச் சொல்லுங்க.

— சரிம்மா. வச்சுடறேன். ...தேடலயாம்.

— நல்லதுதான? அதுக்கு ஏன் மூஞ்சி இப்பிடிப் போவுது?

— தெரியல. ...அத்தை இடுப்பு ஒடஞ்சு படுத்ததுலேந்து ஒரு நா நான் வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வெளிய இருந்ததில்லீங்க. வெளிய போனாலும் பாதி மனசு கடிகாரத்துலயே இருக்கும். ஆத்துல ஓட்டுறப்ப எல்லாரும் அந்த மாங்குரோவ் வளைவத் தாண்டிப் போவாங்க. நான் அதுவரைக்கும் போயித் திரும்பிடுவேன். அந்தாண்ட என்னா இருக்குன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது.

— தெரியும்.

— என்னா தெரியும்?

— நீ திரும்பிடுவேங்கிறது. படித்துறையில ஒக்காந்திருக்கிறவன் நான்தான? மத்தவங்க எல்லாம் உள்ள போயிடுவாங்க, நீ மட்டும் தனியா திரும்பி வருவ.

— நீங்க ஒருநாளும் 'சீக்கிரம் வா'ன்னு சொன்னதில்ல.

— 'போயிட்டு வா'ன்னும் சொன்னதில்ல.

— ஏங்க.

— ம்.

— கொஞ்சம் ஓரமா நிறுத்துங்களேன்.

— இங்கயா? அஜந்தா சிக்னல் தாண்டிடட்டும்.

— வேணாம், இப்பவே.

— ...நிறுத்திட்டேன். என்னா, தல சுத்துதா? குடிச்ச உப்புத் தண்ணி...

— மேகம் இல்ல. வெய்யிலும் இல்ல. வெய்யில் இருந்துச்சு, ஆனா தெரிஞ்சுது. உங்களப் பாத்தேன். மஞ்சத் துண்டப் பாத்தேன். போட்டுங்க வரிசையா நிக்கிற எடத்துல, நீங்கதான்னு நல்லாவே தெரிஞ்சுது.

— ம்.

— அப்ப ஒரு அலை மேல இருந்தேன். போர்டு மூக்கக் கொஞ்சம் திருப்புனா போதும், கரை. அடுத்த அலை பின்னாடி வந்துக்கிட்டிருக்கு, அது கால்லயே தெரியுது. இத்தோட முடிஞ்சுதான்னு இருந்துச்சு. மூஞ்சத் திருப்பிக்கிட்டேன். நீங்க அங்க கை வலிக்க வலிக்க ஆட்டிக்கிட்டு நிப்பீங்கன்னு தெரிஞ்சே போனேன். பயந்து சாவீங்கன்னும் தெரியும். தெரிஞ்சும் போனேன். எனக்கு என்னா ஆச்சுன்னே தெரியலீங்க. ...திட்டுங்க.

— கை வலிக்க எல்லாம் ஆட்டல.

— என்னா?

— ரெண்டு தடவதான் ஆட்டுனேன். நீ திரும்புன. துடுப்பு நின்னுடுச்சு. மூஞ்சி அவ்ளோ தூரத்துலேந்து எங்க தெரியுது... நின்ன நிப்பு தெரிஞ்சுது. அப்பிடியே கரைக்கு வந்துடப் போற, ஆத்துல அந்த வளைவுகிட்ட திரும்புற மாதிரின்னு தோணிடுச்சு. அப்புறம் ஒன்னக் காணாமப் போயி நான் பட்ட பாடு வேற. அந்தக் கோவம் எம்மேலதான், ஒம்மேல இல்ல.

— உங்க மேலயா? எதுக்கு?

— துண்ட சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு, ஒரு போட்டுக்குப் பின்னால போயி ஒக்காந்துட்டேன், ஹேமா. என்னப் பாக்கலன்னா நீ போவியேன்னுதான்.