அரைமூடை

ரயில்காரர்கள் இருபது நாள் நாடெங்கும் வண்டிகளை நிறுத்திய வருடம், நம் புதுத் துறைமுகம் பெருந்துறைமுகம் என்று பேர் வாங்கிய வருடம், அந்த வருடத்தில் உப்பு மூடை தூக்கிய தோள்களின் பிள்ளைகளே, பேரப்பிள்ளைகளே. அவைக்கு அணியான சங்கத் தலைவர் நேசக்குமார் அவர்களே. இந்தப் பிசியோதெரபி கூடத்தை நடத்த வந்திருக்கும் டாக்டர் அனிஷா அம்மா அவர்களே. வெயிலையும் பாராமல் வந்து வீற்றிருக்கும் தாய்மார்களே, எழுத்தறியாத இந்தக் கிழவனின் வணக்கம்.

வருடத்தை எண்ணாகச் சொல்ல எனக்குத் தெரியாது. வலியாகச் சொல்லத் தெரியும்.

தோணிக்கு உப்பேற்ற அன்று நாங்கள் பன்னிரண்டு பேர். புது ஆள் நான். முதல் நாள் முழுக்க மூடையோடு தோணிப் பலகை ஏறினேன், இறங்கினேன். மறுநாள் தொடை கல், தோள் கல், கழுத்தும் கல். மாலை மாற்றி மாதம் ஒன்று ஆகாத என் ஜெபசுதா, உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "சுமந்ததும் உப்பு, ஒத்தடமும் உப்பு. நீங்க என்ன கருவாடா?"

சிரியுங்கள் தாய்மார்களே. அன்று எனக்குச் சிரித்தாலும் விலா வலித்தது.

ஆனால் மூன்று நாள் வராதவன் இடம் அடுத்தவனுக்கு. அதுதான் எங்கள் சுமைக் கூட்டத்தின் சட்டம். மூன்றாம் நாள் காலை வாசலில் ஒரு குரல். எங்கள் கூட்டத்துக் காயல்பட்டினத்துக்காரர், என்னைவிட நான்கு வயது மூத்தவர்; அவர் ஊர் வழக்கில் அண்ணனைக் காக்கா என்பார்கள், எனக்கும் அவர் காக்கா.

"ஏலே, எந்திரி. அரைமூடை கட்டி வச்சிருக்கு."

"காக்கா, காலு மடங்க மாட்டேங்கு."

"மடங்காத காலுக்குத்தாம்லே அரைமூடை. முழுசு கேட்டாலும் தர மாட்டோம்."

அரைமூடை என்றால் என்ன என்று பின்வரிசையில் கேட்கிறார்கள். உடம்பு பூட்டிக்கொண்ட ஆளுக்காகப் பாதி உப்பு நிரப்பிக் கட்டுகிற மூடை. மீதியை மற்ற பதினொரு பேர் பங்கிட்டுச் சுமப்பார்கள்.

முதல் நடையில் கண்ணீர் வந்தது. மூன்றாம் நடையில் வியர்வை வந்தது. ஏழாம் நடையில் முழங்கால் என்னைக் கேளாமலே மடங்கியது. எந்தச் சுமை பூட்டியதோ அந்தச் சுமையே திறந்ததே, இது என்ன விந்தை? முறித்த பலகையே மருந்தாகுமா? வலிக்கச் செய்த நடையே வலியைத் தீர்க்குமா? திமிரில் முழுமூடைக்குக் கை நீட்டினேன். காக்கா தட்டிவிட்டார்: "இப்பத்தான் தொறந்த கதவுல ஆனைய விடாதலே."

ரத்தம் ஓட ஓடத் தசை இளகும், மெல்ல மெல்ல ஏற்றினால் தேறும், சுருக்கென்று குத்தினால் நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள் என்கிறார் டாக்டர் அம்மா. இத்தனை காலம் நான் வியந்து நின்றதற்கு இன்றுதான் காரணம் கேட்டேன். கேட்ட பிறகும் வியப்பு தீரவில்லை.

அந்தக் காக்காவுக்கு இடுப்பு பூட்டி நான்கு மாதம். "இனி எதுக்குலே" என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். இன்று காலை அவர் வாசலில் நின்று சொன்னேன்: "காக்கா, எந்திரிங்க. அரைமூடை கட்டி வச்சிருக்கு."

சங்கத்து வாசல் வரை ஆட்டோவில் வந்தார். அங்கே டாக்டர் அம்மா ஒரு கை பிடித்தார், நான் ஒரு கை. சங்கத்து வாசலிலிருந்து இந்த முதல் வரிசைக்கு இருபத்திரண்டு அடி. பதினைந்தாம் அடியில் எங்கள் இருவர் கையையும் உதறிவிட்டார்.

இந்தக் கூடத்தின் கதவை அவரே திறக்கட்டும். வந்தவர்களுக்கு என் நன்றி. வலியோடு வீட்டில் படுத்திருப்பவர்களுக்கு என் அழைப்பு. எல்லோருக்கும் என் வணக்கம். பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் மண்ணுக்குள். ஒருவன் இங்கே பேசுகிறேன். மிச்சம் உயிரோடு இருக்கிற ஒரே ஆள், அதோ, நாற்காலியை விட்டு எழுந்து கதவைப் பார்த்து நடக்கிறாரே, அவர்தான் நூஹு காக்கா.